இருபத்தெட்டு மில்லிநொடி

மார்ச் 4

அண்ணிக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று அண்ணன் போனில் சொன்னான். "அவகிட்ட குடுக்கவா?" என்று கேட்டான். "வேண்டாம், எழுதிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் நான் கத்துவேன், நீங்கள் பொறுமையாகப் பதில் சொல்வீர்கள். எனக்கு அந்தப் பொறுமைதான் தாங்காது. ஆபீஸ் மெயிலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் காகிதம்.

இன்று காலை நிரல் மாற்றங்களின் பட்டியலைத் திறந்தால் என் டிரைவரில், கணினியையும் ஹெட்செட்டையும் பேச வைக்க நான் எழுதிய அந்த நிரலில், உங்கள் பெயர். தலைப்பு வேறு: "ஒலி டிரைவரில் லாக்கை நீண்ட நேரம் பிடித்திருப்பதைத் தவிர்த்தல்." ஏழு வருஷம் அந்த டிரைவரை நான் எழுதினேன். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் ஊர் மாறி இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் அது நீண்ட நேரமாகிவிட்டது.

லாக் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தகவலில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கை வைக்கக் கூடாது. ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் நிற்க வேண்டும். எது முன், எது பின் என்ற குழப்பமே வரக் கூடாது என்றுதான் நான் அதை அகலமாகப் போட்டேன். தெரியாமல் போடவில்லை, வேண்டுமென்றே போட்டேன்.

இந்த அவசர அழைப்புக் கூடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. ஜன்னல் கிடையாது. அறுபது இருக்கைகள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்று அலறுகிறவர்களின் குரல் முழுக்க நம் கணினிகள் வழியாகத்தான் வந்து போகிறது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை ஒரு வருஷம் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் கை வைக்கிற இடம் இதுவல்ல.

கிளம்பிய அன்று வாசலில் "நான் இல்லாதப்ப தூசி தட்டுங்க, போதும்" என்றேன். அதற்காக வருத்தப்படவில்லை. என் நாற்காலியில்தான் உட்கார்கிறீர்களாமே. உயரத்தை மாற்றிவிட்டீர்களா?

உங்கள் நாத்தனார்

* * *

மார்ச் 9

வாலுவுக்கு,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறார். அனுமதி உண்டோ இல்லையோ, நானும் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

நாற்காலியின் உயரத்தை மாற்றினேன். என் கால் தரையில் படவில்லை.

டிரைவருக்கு வருகிறேன். உன் கூடத்திலிருந்துதான் புகார் வந்தது. பதினேழாம் இருக்கைப் பெண் எழுதியிருந்தார்: வால்யூம் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அழைப்பவரின் குரல் வெட்டுப்படுகிறதாம். "பதி" என்று கேட்கிறது, அடுத்தது "நம்பர் வீடு" என்று கேட்கிறது. பதினொன்றா, பதினாறா? ஆம்புலன்ஸ் எந்த வாசலில் போய் நிற்கும்?

நீ அந்த டிரைவரை எழுதிய காலத்து ஹெட்செட் பெட்டி, கட்டளை போன உடனே பதில் சொன்னது. இப்போது அங்கே வைத்திருக்கும் புதுப் பெட்டி இருபத்தெட்டு மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. நூறு தடவை அளந்தேன். உன் டிரைவர் லாக்கைப் பிடித்துக்கொண்டே அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கணினியின் ஒலிச் சிப்போ பத்து மில்லிநொடிக்கு ஒரு முறை வந்து அடுத்த துண்டைக் கேட்கிறது. லாக் கிடைக்காமல் அது வெளியே நிற்க, உள்ளே கையிருப்பு தீர்ந்து, குரலில் ஓட்டை விழுகிறது. அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் லாக்குக்குள் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிடுகிறேன். பெட்டியோடு பேசிக் காத்திருப்பதைப் பின்னணி வேலை ஒன்று பார்த்துக்கொள்கிறது.

உன்னைக் குறை சொல்ல இதைச் செய்யவில்லை. ஆனால் ஆறு வருஷம் வீட்டில் இருந்ததைப் பற்றி நீ எழுதிய வரியை உன் அண்ணனுக்குக் காட்டவில்லை என்பதைத் தெரிந்துகொள். காட்டினாலும் உன் பக்கம்தான் பேசுவார். இந்த வீட்டில் மிக்ஸி நின்றால்கூட "வாலு இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பா" என்பதுதான் பேச்சு. எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மிக்ஸியைச் சரி செய்வது நான்.

அண்ணி

* * *

மார்ச் 14

அண்ணிக்கு,

உங்கள் மாற்றம் பதினோராம் தேதி இங்கே எல்லா இருக்கைகளுக்கும் வந்தது. குரல் வெட்டுப்படவில்லை. பதினேழாம் இருக்கைப் பெண் என்னிடமே ஓடிவந்து, "யாருங்க இதைச் சரி பண்ணது? நல்லா இருக்கணும் அவங்க!" என்றாள். "எங்க அண்ணி" என்றேன். வாய் கசந்தது.

நம் மேலதிகாரி கனைப்பு சாரும் மெயில் போட்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைக்கிற மனிதர், எழுத்தில் கனைக்க முடியாததால் ஆச்சரியக்குறியாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார். "அருமையான வேலை! சுத்தமான சிந்தனை!" ஏழு வருஷத்தில் எனக்கு அவர் அனுப்பியதில் மிக நீளமான பாராட்டு "சரி."

நீங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறது.

மிக்ஸி விஷயம் எனக்குத் தெரியாது.

நாத்தனார்

* * *

மார்ச் 18

வாலு,

"நன்றாக இருக்கிறது" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். நீ சும்மா சொல்கிறவள் இல்லை. உன்னிடமிருந்து வந்தால் அது கனைப்பு சாரின் பத்து ஆச்சரியக்குறிகளுக்குச் சமம். உன் அண்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "வாலுவே சொல்லிட்டாளா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். பார், என் வேலை சரி என்பதற்கும் உன் கையெழுத்து வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அன்றைக்குக் கோபம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யார் மூலமாகவோ உனக்குத் தெரியவருவதை விட நானே சொல்கிறேன். ஒலிப் பிரிவு முழுவதையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. நீ திரும்பி வந்ததும் உனக்குத்தான் அது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

உன் மருமகள் உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். பச்சையாக இருப்பது நீ.

அண்ணி

* * *

மார்ச் 27

அண்ணிக்கு,

நேற்று முன்தினம் பகல் பதினொன்றரைக்கு நடந்ததை ஆபீஸ் அறிக்கையில் படித்திருப்பீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. அப்படி நிற்கும்போது ஒன்று முடிந்த கையோடு அடுத்தது தானாக வந்து விழும். பதினேழாம் இருக்கைப் பெண்ணுக்கு ஒரு அழைப்பு முடிந்தது, அடுத்தது வந்தது. மூச்சுத் திணறும் கணவருக்காக ஒரு அம்மா பேசினார். இவள் "சொல்லுங்கம்மா" என்றாள். அந்த அம்மா, "ஹலோ? யாராவது இருக்கீங்களா?" என்றார். இவள் "கேக்குதும்மா, பேசுங்க, எந்த இடம்?" என்றாள். அவர் மறுபடி, "ஹலோ? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" நான் நாலு இருக்கை தள்ளி நின்றேன். இவள் எழுந்து நின்று கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. திரையில் மியூட் இல்லை என்று காட்டியது. ஆனால் இவள் குரல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அந்த அம்மா போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது முப்பத்தோராம் இருக்கைக்குப் போயிற்று. ஐம்பத்திரண்டு வினாடி போய்விட்டது. அவர் கணவர் பிழைத்துக்கொண்டார். தாமதத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

மேற்பார்வையாளர் பதினேழாம் இருக்கைப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவளே மியூட் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும் என்கிறார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "நான் அமுக்கலைங்க. நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

பார்த்தேன் என்று தலையாட்டினேன். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லவில்லை.

நாத்தனார்

* * *

ஏப்ரல் 1

வாலு,

இன்று முதல் தேதி. ஒலிப் பிரிவு எனக்கு வரவில்லை. விசாரணை முடியும்வரை எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது என்று என் அனுமதிகளை எடுத்துவிட்டார்கள். கனைப்பு சார் கனைக்காமல் பேசினார். அதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து அச்சிட்ட தாள்களில் அந்தக் குறையைத் தேடுகிறேன். ஐந்து நாளாக. அனுமதிகளை எடுப்பதற்கு முன் ஆபீஸில் ஆயிரம் தடவை மியூட் போட்டு எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எங்கே என்று தெரியவில்லை. இரண்டு முறை அந்த அம்மாவின் குரல் பதிவைக் கேட்கச் சொன்னார்கள். "யாராவது இருக்கீங்களா" என்பது தூங்கும்போதும் காதில் இருக்கிறது.

உன் அண்ணன், "வாலுவைக் கேளேன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து வெளியே போய்விட்டார்.

கேட்கிறேன். நீ ஒரு தடவை பாரேன். எங்கே தவறினேன்?

* * *

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நீங்கள் தேட வேண்டாம். எனக்குத் தெரியும். மார்ச் பன்னிரண்டாம் தேதியே தெரியும்.

லாக்கை விட்டுவிட்டு, பெட்டியின் பதிலுக்குப் பின்னணி வேலையைக் காத்திருக்க விட்டீர்கள். அது சரி. ஆனால் லாக்கை விட்ட பிறகு உலகம் மாறியிருக்கலாம். காத்திருந்து முடித்த பின்னணி வேலை, "நான் எந்த அழைப்புக்காகக் கிளம்பினேனோ அது இன்னும் இருக்கிறதா?" என்று ஒரு தடவை லாக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. அன்று நடந்தது இதுதான். பதினேழாம் இருக்கைப் பெண் வால்யூம் பட்டனைத் தடதடவென்று பத்துப் பதினைந்து தடவை அமுக்குகிறவள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தெட்டு மில்லிநொடி, வரிசை நீண்டுவிடும். முந்தைய அழைப்பில் பக்கத்து இருக்கையைக் கேட்பதற்காக அவள் போட்ட மியூட், அந்த வரிசையின் கடைசியில் நின்றது. அந்த அரை நொடிக்குள் அழைத்தவர் போனை வைத்துவிட, புது அழைப்பு வந்துவிட்டது. பிறகுதான் மியூட்டின் முறை வந்தது. பழைய அழைப்புக்கான மியூட் புது அழைப்பின் மேல் விழுந்தது. திரைக்கு அது தெரியாது. நீங்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக அமுக்கிச் சோதித்திருப்பீர்கள். அதனால் வரிசையே சேர்ந்திருக்காது.

நான் இதைப் படித்தவுடன் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போது என்ன சந்தோஷம் தெரியுமா? அப்புறம் அதை அனுப்பாமல் மேசை இழுப்பறையில் போட்டேன். சொன்னால் நீங்கள் இரண்டு வரி சேர்த்துவிடுவீர்கள், கனைப்பு சார் இன்னும் நாலு ஆச்சரியக்குறி போடுவார். சொல்லாவிட்டால் என்றாவது ஒரு இருக்கையில் சின்னதாக ஏதோ கோளாறு வரும், எல்லோரும் என்னிடம் ஓடிவருவார்கள், நான் வந்து சரி செய்வேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிப்பான் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வேறு எதற்கு அழைப்பார்கள்?

உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். என் வரியை மூன்று தடவை படித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே பதவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதத்தை மடித்து அந்தத் தாளின் மேலேயே வைத்தேன்.

இன்று காலை அந்தத் தாளை, அதில் போட்ட தேதியோடு, கனைப்பு சாருக்கும் விசாரணைக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டேன். பதினேழாம் இருக்கைப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தெரியும்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிப்பு கேட்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன்.

* * *

ஏப்ரல் 12

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன், ஏனென்றால் குறையை நீ விளக்கிய பத்தி எனக்கு வேண்டியிருந்தது. என் நிலைமையைப் பார்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. என்னைப் பிடிக்காவிட்டால் போகட்டும். எனக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாவுக்காகச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு உன் இழுப்பறையில்தான் பதில் இருந்தது. பதின்மூன்று நாள், வாலு. தினமும் அந்த இழுப்பறையைத் திறந்து பேனா எடுத்திருப்பாய்தானே?

உன் அண்ணன் படித்தார். மேசையில் வைத்துவிட்டு, "இது என் தங்கச்சி செஞ்சதா?" என்றார். எட்டு வருஷமாக நான் கேட்க விரும்பிய தொனி அது. கேட்டபோது நன்றாகவே இல்லை.

இதை எழுதாமல் விட்டால் நானும் உன்னைப் போலத்தான். ஆகவே எழுதுகிறேன். அந்த மாற்றத்தை வெளியிடுவதற்கு முந்தின நாள் கனைப்பு சார் என்னிடம், "அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அவங்க எழுதினதுதானே" என்றார். கடிதத்தில் யோசனையைத்தான் உனக்குச் சொல்லியிருந்தேன்; எழுதிய வரிகளையும் காட்டினேன் என்று அவரிடம் சொன்னேன். காட்டவில்லை. நீ ஒரு குறை கண்டுபிடித்தால் அது இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும், "பாத்தியா, வாலு கண்டுபிடிச்சுட்டா" என்று. அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உன்னிடம் காட்டியிருந்தால், அன்றைக்கு நீ முகத்துக்கு நேரே என்னைக் கிழித்திருப்பாய், குறை அங்கேயே போயிருக்கும். இதை நேற்று விசாரணையில் சொன்னேன். கனைப்பு சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

* * *

ஏப்ரல் 29

அண்ணிக்கு,

தீர்ப்பு உங்களுக்கும் வந்திருக்கும். நான் ஆறு மாதத்துக்கு எந்த டிரைவரிலும் ஒரு வரிகூட எழுதக் கூடாது, படிக்கலாம். ஒலிப் பிரிவு நம் இருவருக்கும் இல்லை, வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். உங்கள் அனுமதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னான். என்னிடம் இரண்டு நிமிஷம்தான் பேசினான். வாலு என்று கூப்பிடவில்லை.

பதினேழாம் இருக்கைப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். மேற்பார்வையாளர் எல்லோர் முன்பும் அவளிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நேற்று அவள் பெட்டியில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தபோது வேறு யாரையும் கூப்பிடாமல் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். போய் இறுக்கிக் கொடுத்தேன்.

கூடத்தில் இப்போது என் பழைய டிரைவர்தான் ஓடுகிறது. குரல் மறுபடி வெட்டுப்படுகிறது. தினமும் அறுபது இருக்கைகளிலும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்னது சரி. லாக்கை நான் அவ்வளவு நேரம் பிடித்திருக்கக் கூடாது. புதுப் பெட்டி வந்த அன்றே நான் அளந்திருக்க வேண்டும். என் டிரைவரில் அளக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

சீக்கிரம் புதிதாக எழுதுங்கள். யாருக்காகவும் வேண்டாம், இங்கே கேட்க முடியவில்லை.

நாத்தனார்

* * *

மே 8

வாலு,

எழுதிவிட்டேன். இன்னும் யாரிடமும் காட்டவில்லை, கனைப்பு சாரிடம்கூட. அச்சிட்டு இதோடு வைத்திருக்கிறேன். நூற்று நாற்பது வரி. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறேன். பின்னணி வேலை காத்திருந்து முடித்ததும் லாக்கை ஒரு கணம் பிடித்து, எண் அதேதானா என்று பார்க்கும். மாறியிருந்தால் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும். அழைப்பை மூடும்போது பாக்கி வேலைகள் முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

பார்த்துச் சொல். என் மனம் நோகும் என்று பார்க்காதே, அது ஏற்கெனவே நொந்துதான் கிடக்கிறது. குறை இருந்தால் அன்றைக்கே தபாலில் போடு. இழுப்பறை வேண்டாம்.

அண்ணி

* * *

மே 11

அண்ணிக்கு,

இன்று பத்தரைக்கு உங்கள் உறை வந்தது. இப்போது மணி ஒன்று. தபால் எடுக்க இரண்டு மணிக்கு வருவார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் வரியில் ஒரு குறை. அழைப்பை மூடும் இடத்தில் லாக்கைப் பிடித்துக்கொண்டே பின்னணி வேலை முடிவதற்குக் காத்திருக்கிறீர்கள். பின்னணி வேலைக்கோ, எண்ணைச் சரிபார்க்க அதே லாக் வேண்டும். நீங்கள் விட்டால்தான் அது முடியும், அது முடிந்தால்தான் நீங்கள் விடுவீர்கள். இரண்டும் அப்படியே நின்றுவிடும். இருக்கையே உறைந்து போகும். லாக்கை விட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு வரியை மேலே நகர்த்தினால் போதும். தாளில் சிவப்பால் குறித்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மற்ற நூற்று முப்பத்தொன்பது வரிகளையும் மூன்று தடவை படித்துவிட்டேன். அவற்றில் குறை இல்லை. அந்த எண் கொடுக்கும் யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. நான் எழுதியிருந்தால் இதைவிட இரண்டு மடங்கு நீளமாகி, பாதி லாக்காகவே இருந்திருக்கும். பொறாமையாக இருக்கிறது, அண்ணி. இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

வாலு